பின்பாரம்

வள்ளியூரில் கோயில் கொடைத் திருவிழா முடிந்து, குடைராட்டினத்தைப் பிரித்து டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து பூதலிங்கம் ஒரு லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆட்டோ பின்பக்கம் குந்தி உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒரு லாரியின் கியர்பெட்டி.

ராட்டினம் ஜெபமலருடையது. ஒரு பிக்கப், அதன் பின்னால் இரண்டே சக்கரத்தில் ஒரு டிரெய்லர், பதினாறு மரக்குதிரைகள். வயது முப்பத்தெட்டுத்தான் என்றாலும் எல்லோரும் அவளை ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா சிலம்ப ஆசானாக இருந்தவர். அவர் போனபோது கம்பைத் தம்பி எடுத்துக்கொண்டான், பட்டம் இவளுக்கு வந்தது. வந்த பட்டத்துக்குப் பழுதும் வைக்கவில்லை. அவளிடம் டிரெய்லர் இழுக்கப் படித்தவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருவர்கூட இன்றுவரை ஒரு குதிரையின் காதை உடைத்ததில்லை.

பதின்மூன்றாவது ஆள் பூதலிங்கம். அறுபத்திரண்டு வயது. முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டியவர். இப்போது வயதைக் கேட்டதும் எந்த முதலாளியும் சாவியை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறான். சென்னையில் எட்டாவது மாடியில் இருக்கும் மகன், அன்று சாயங்கால ரயிலுக்கு அப்பாவுக்கு டிக்கெட்டே எடுத்துவிட்டான்.

ஜெபமலர் புதிதாக ஒரு கொலம்பஸ் கப்பல் வாங்கியிருந்தாள். அதைத் தனி வண்டியில் அவளே இழுக்கப்போகிறாள். ராட்டின வண்டிக்கு ஓர் ஆள் வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிவிட்டால் பூதலிங்கத்துக்கு வேலை. தாண்டவில்லை என்றால் எட்டாவது மாடி. பேச்சு அதுதான்.

"இது என்ன அண்ணாச்சி?" என்றாள் ஜெபமலர்.

"நம்ம மயிலு லாரிக்க கியர்பெட்டி. லாரிய ஒடைச்சுப் போட்டானுவ. நான் இத மட்டும் வாங்கிட்டேன். மவன் வீட்டுல போட்டா மருமவ பழைய இரும்புக்குக் குடுத்துருவா."

"நல்ல வண்டியோ?"

அவ்வளவுதான் வேண்டியிருந்தது அவருக்கு.

"என்ன பிள்ளே இப்படிக் கேட்டுட்ட! கயத்தாறு மேட்டுல மயிலு ஏறுனா, எதுத்தாப்புல வந்த எக்ஸ்பிரஸ் ரயிலு ஒதுங்கி நின்னு வழி விடும்."

"தண்டவாளத்துல வார ரயிலு எப்படி ஒதுங்கும்?"

"அதத்தான் நானும் கார்டுகிட்ட கேட்டேன். அவருக்கும் வெளங்கல."

குதிரைகளைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நாலு பேர் சேர்ந்து கியர்பெட்டியைத் தூக்கினார்கள். டிரெய்லரின் கடைக்கோடியில், பின்கதவை ஒட்டி வைக்கச் சொன்னார் பூதலிங்கம்.

"அங்கயா?" என்றாள் ஜெபமலர்.

"போன ஒடனே மொதல்ல இவள எறக்கி நெழலுல வைக்கணும். கடைசியா ஏத்துனா மொதல்ல எறக்கலாம். லாரிக்காரனுக்கு இதெல்லாம் ஒருத்தர் சொல்லணுமா?"

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் இடப்பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

பூதலிங்கம் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்தார். லாரியின் வளையம் அண்டா வாய் அகலம் இருக்கும். இது சாப்பாட்டுத் தட்டு மாதிரி கைக்கு அடங்கியது. பணகுடி தாண்டும்வரை இரண்டு விரலால் ஓட்டினார்.

"முப்பது டன் இழுத்தவன் நான். இந்தக் கைக்குட்டைய இழுக்கதுக்கு என்ன படிப்பு வேணும், சொல்லு பாப்போம்?"

"நீங்க ஓட்டுங்க அண்ணாச்சி. படிப்பு வழியில நிக்கும்."

ஆனி மாதம். மேற்கே மலை இடைவெளி விட்ட இடத்திலெல்லாம் காற்று அவிழ்த்துவிட்டது போல வந்தது. காற்றாலைகள் மூச்சு வாங்கச் சுற்றின.

"இது என்ன காத்து? போன ஆனியில இங்க ஒருத்தன் கொட்டாவி விட்டான். தொறந்த வாய மூட காவல்கிணறு வரைக்கும் போவ வேண்டியதாப் போச்சு."

அவள் சிரித்தாள். அவர் இன்னும் கொஞ்சம் மிதித்தார்.

முப்பந்தல் நெருங்கும்போது முன்னால் ஒரு வைக்கோல் வண்டி போய்க்கொண்டிருந்தது. ஒரு பஸ் இவர்களை ஒட்டி முந்திக்கொண்டு போனது. போன வேகத்தில் டிரெய்லரை ஓர் இழுப்பு இழுத்துவிட்டுப் போனது. அடுத்த நொடி மேற்கேயிருந்து காற்று.

வலப்பக்கத்துக் கண்ணாடியில் மரக்குதிரைகள் எட்டிப் பார்த்தன. பிறகு இடப்பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தன. மறுபடி வலப்பக்கம். மூன்றாவது ஆட்டத்தில் டிரெய்லர் பிக்கப்பின் பின்புறத்தையும் சேர்த்து ஆட்டியது.

பூதலிங்கத்தின் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. தொட்டதும் ஆட்டம் இரண்டு மடங்காயிற்று.

"பிரேக்க விடுங்க" என்றாள் ஜெபமலர். பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கிற குரல். "வளையத்த நேரா பிடிங்க. திருப்பி அடிக்காதீய. மிதிக்கத மட்டும் நிறுத்துங்க."

முப்பத்தொரு வருஷப் பழக்கம் 'மிதி, மிதி' என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கினார். வண்டி இன்னும் நாலு தரம் ஆடியது. பிறகு மூன்று. பிறகு சலித்துப்போய் நேரானது.

ஓரமாக ஒரு காற்றாலை அடியில் நிறுத்தினார். மீசையை ஒரு தரம் முறுக்கிவிட்டுக்கொண்டார்.

"காத்து" என்றார்.

"முன்னால போன வைக்கோல் வண்டிக்கும் இதே காத்துதான்."

"பஸ்ஸுக்காரன் ஒரசுனாப்புல போனான்."

"அந்த வைக்கோல் வண்டியையும் அப்படித்தான் தாண்டுனான்."

அவள் இறங்கி டிரெய்லர் சக்கரங்களுக்குக் கல் கொடுத்தாள். பிக்கப்போடு பிணைத்திருந்த கொண்டியைக் கழற்றினாள். அவரைப் பார்த்தபடியே, டிரெய்லரின் மூக்கை இரண்டு விரலால் தூக்கினாள்.

பதினாறு குதிரையும் அத்தனை இரும்புக் குழாயும் ஏற்றிய டிரெய்லரின் மூக்கு, கோழி இறகு போல மேலே வந்தது.

பூதலிங்கம் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய அப்பா பாரம் ஏற்றும் மாட்டுவண்டி ஓட்டியவர். பின்னால் பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கும், மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். ஏழு வயதில் பார்த்தது.

"பின்பாரம்" என்றார் மெதுவாக.

"ஆமா."

"லாரியில எங்க வச்சாலும் சொமக்கும் ஆசானே."

ஆசானே என்று சொன்னதை அவரே கவனிக்கவில்லை.

"லாரி சொமக்கும் அண்ணாச்சி. இது பின்னால வருது. பின்னால வாரதுக்கு மொறை வேற."

ராட்டினக் குழாய்கள் நாலை உருவி அடியில் கொடுத்து, கியர்பெட்டியை உருட்டினார்கள். நடுவில் குதிரைகளுக்கிடையே ஒரு சந்து இருந்தது. எந்த இடம் என்று பூதலிங்கம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பின்னால் வைத்துச் சூடு கண்ட மனிதர், டிரெய்லரின் மூக்கு நுனிவரை உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல, தன் முதுகுக்குப் பின்னாலேயே.

கொண்டியை மாட்டியதும் பிக்கப் பின்பக்கம் அமுங்கியது. முகம் வானத்தைப் பார்த்தது.

இரண்டு பர்லாங்கு போவதற்குள் அவருக்கே தெரிந்துவிட்டது. வளையத்தில் பிடியே இல்லை. திருப்பினால் வண்டி யோசித்துவிட்டுத் திரும்பியது. முன்சக்கரம் ரோட்டில் இருக்கிறதா என்று தலையை நீட்டிப் பார்த்தார்.

தானாகவே நிறுத்தினார். இஞ்சினையும் அணைத்தார்.

"எனக்கு வெளங்கிட்டு" என்றார். "பின்னால வச்சா ஆட்டுது. முன்னால வச்சா முன்ன போவ விட மாட்டேங்குது. எறக்கிருதேன்."

"எங்க?"

"இங்கதான். ரோட்டோரம். எவனாவது எடுத்துக்கிடட்டும்."

அவர் இறங்கிப் பின்கதவுக்குப் போனார். அவளும் இறங்கினாள். உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

பூதலிங்கம் ஏறி, கியர்பெட்டியில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"நாக்பூருக்கு ஆரஞ்சு ஏத்தப் போறப்ப ஒரு தரம் வலது கையில அடிபட்டுட்டு. எடது கையாலதான் வளையத்தப் பிடிச்சேன். எம் பொண்டாட்டி செண்பகம் கூட வந்தா. பக்கத்துல உக்காந்து கியர் போட்டா. நான் கிளச்ச மிதிச்சு 'மூணு' ம்பேன், தள்ளுவா. 'நாலு' ம்பேன், இழுப்பா. போற வழி பூரா ரெண்டாவது கியர்ல மட்டும் கர்ருன்னு சத்தம் வரும், நாக்கக் கடிச்சுக்கிடுவா. திரும்பி வாரப்ப அதுவும் வரல. ஊருக்கு வந்து சேந்தப்ப நான் வாயத் தொறக்குமுன்ன கியரு விழுந்துரும். அவ போயி ஆறு வருசம் ஆச்சு."

ஜெபமலர் காத்திருந்தாள். ரயில் ஏதாவது ஒதுங்குமோ என்று பார்த்தாள். அவர் கதை அவ்வளவுதான்.

"ஆசானே, நேராக் கேக்கேன். இத விட்டுட்டு வந்தாத்தான் எனக்கு ஓட்ட வருமா?"

அவள் டிரெய்லருக்கு அடியில் குனிந்து சக்கரத்தின் அச்சு இருக்குமிடத்தைப் பார்த்தாள். மேலே ஏறி, ராட்டினத்துக்கு அடையாளம் போடுகிற சுண்ணாம்புக் கட்டியால் பலகையில் குறுக்காக ஒரு கோடு இழுத்தாள்.

"அச்சு இந்த இடம்."

கோட்டிலிருந்து முன்பக்கமாக ஒரு முழம் அளந்து இன்னொரு கோடு போட்டாள்.

"இங்க உருட்டுங்க."

உருட்டினார்கள். நாலு பக்கமும் கயிறு போட்டு இறுக்கினாள். இறங்கி, கொண்டியைக் கழற்றி, மூக்கைத் தூக்கச் சொன்னாள். பூதலிங்கம் மூச்சைப் பிடித்துத் தூக்கினார். ஓர் அரிசி மூட்டை கனம் கையில் உட்கார்ந்தது. இறக்கி வைத்துவிட்டு, கொண்டியை அவரே மாட்டினார். மாட்டிய பிறகு ஆட்டிப் பார்த்தார். இன்னொரு தரமும் ஆட்டிப் பார்த்தார்.

கணவாயின் வாயில் காற்று காத்திருந்தது. ஒரு டேங்கர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு முந்தியது. டிரெய்லர் லேசாகத் தோளைக் குலுக்கியது. பூதலிங்கம் காலை எடுத்தார், வளையத்தை நேராகப் பிடித்தார். கண்ணாடியில் குதிரைகள் எட்டிப் பார்க்கவில்லை. வந்துகொண்டிருந்தன.

வழியில் அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஜெபமலருக்கே அது என்னமோ போலிருந்தது.

ஆரல்வாய்மொழி தாண்டி, பூக்கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள்.

"கப்பல் பின்னால வருது. நான் நின்னு அதுல ஏறிக்கிடுதேன். வெள்ளமடம் விலக்குல எடது பக்கம் திரும்புங்க, கோயில் கொடி தெரியும். மகனுக்குப் போனப் போட்டு டிக்கெட்ட வேண்டாம்னு சொல்லிருங்க."

பூதலிங்கம் தலையசைத்தார். கியரில் கை வைத்தவர், போகவில்லை.

"ஆசானே."

"சொல்லுங்க."

"முப்பந்தல்ல நான் எறக்கப் போனேன். நீங்க ஒரு வார்த்த சரின்னுருந்தா எறக்கியிருப்பேன். பாரம் கொறையும்லா? ஏன் சொல்லல?"

ஜெபமலர் சேலைத் தலைப்பைக் காற்றிலிருந்து பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இந்தக் கணவாயில நான் மூணு வண்டி கவுந்து பாத்துருக்கேன் அண்ணாச்சி" என்றாள். "மூணும் வெறும் வண்டி."