மத்தியான மன்றாட்டு

பிரகாசியின் கணவன் இன்னாசி ஆடிக்காற்றில் கடலுக்குப் போனவன். வள்ளம் மட்டும் கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது.

இறந்தவர்களுக்கான பூசை வைத்துவிடலாம் என்றார் சாமியார்.

"உடம்பக் காட்டுங்க சாமி, வைக்கேன்" என்றாள் பிரகாசி. தாலியைக் கழற்றவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் அவள் தெக்ளாவிடம் போனாள். கோயில் வேலைகளை எல்லாம் மேற்பார்க்கிறவள் தெக்ளா. யார் குரலையும் அப்படியே பேசுவாள். ஒருமுறை சாமியாரின் குரலில் அவள் பிரசங்கம் வைக்க, அறைக்குள் இருந்த சாமியாரே "ஆமென்" சொல்லிவிட்டுத் திருதிருவென்று விழித்தார்.

"எக்கா, கோயில்ல எனக்கும் ஒரு வேல தாங்க. சம்பளம் ஒண்ணும் வேண்டாம்."

"பீடத்துக்குப் பூ வைக்க ஏற்கெனவே சண்ட. 'அந்த ரோசா நான் வச்சது!' 'போடி, உன் ரோசாவும் நீயும்!'" இரண்டு பெண்களின் குரலிலும் சொல்லிக் காட்டினாள் தெக்ளா. "உனக்கு மன்றாட்டுமாலை. மத்தியானம் போயி முழந்தாள் போட்டு, சத்தமா நடத்து."

"மத்தியானம் கோயில்ல பதில் சொல்ல யாரு இருப்பா?"

"நடத்துதது உன் வேல. பதில் சொல்லுதது அவுக வேல."

பிரகாசி போனாள். கதவுகள் சாத்தியிருந்தன. கண்ணாடி வழியே விழுந்த வெயில் தரையில் நீலமாகக் கிடந்தது. பீடத்தின் முன் முழந்தாளிட்டுத் தொடங்கினாள்.

"ஆண்டவரே, இரக்கமாயிரும்."

"சுவாமி, கிருபையாயிரும்" என்றார்கள் முதுகுக்குப் பின்னால். பலர்.

திரும்பிப் பார்த்தாள். விரித்த பாய்கள் மட்டும் இருந்தன.

எதிரொலி என்றால் அவள் சொன்னதையல்லவா திருப்பிச் சொல்லியிருக்கும்? 'சுவாமி', 'கிருபை' என்ற அந்தப் பழைய வார்த்தைகளைக் கோயிலில் மாற்றி எவ்வளவோ காலம் ஆகிறது.

எப்படியோ முடித்துவிட்டு வெளியே ஓடிவந்தாள்.

"சுவாமின்னு சொன்னாவளா?" என்றாள் தெக்ளா, விளக்குத் திரியைத் திரித்தபடியே.

"ஆமா."

"பழைய ஆளுக. புது வார்த்த வாரதுக்கு முன்னாலயே படுத்துட்டாவ. யாரு போயி அவுகளுக்குச் சொல்லிக் குடுக்க?"

"செத்தவங்க எல்லாருமா வருவாவ?"

"இங்க ஞானஸ்நானம் வாங்குனவுக வருவாவ."

"கடலோட போனவங்க?"

"உனக்குக் காது இருக்குல்லா? கேளு."

மறுநாளும் போனாள். பிறகு ஒருநாள்கூட விடவில்லை. மன்றாட்டை நடத்தியபடியே ஒவ்வொரு குரலாகப் பிரித்துப் பிரித்துக் கேட்டாள். மூக்கால் பேசும் ஒரு கிழவர். மூச்சு வாங்கும் ஒருத்தி. போன வருடம் இறந்த டீக்கடை மரியானூஸ் மட்டும் "இரக்கமாயிரும்" என்று புது வார்த்தை சொன்னார்.

முடிந்ததும் சிரித்துக்கொண்டே வெளியே வருவாள்.

"இன்னைக்கும் அவரு இல்ல எக்கா!"

"சரி."

"அப்ப எங்கயோ இருக்காருன்னுதான அர்த்தம்?"

பிரகாசி போகிற வழியில் மீன் வாங்குவாள். சோற்றை இரண்டு தட்டில் போடுவாள்.

அன்றும் அப்படித்தான் தொடங்கினாள்.

"ஆண்டவரே, இரக்கமாயிரும்."

எல்லாரும் சொன்னார்கள். சொல்லி ஓய்ந்தார்கள். பிறகு, கதவோரத்திலிருந்து, ஒற்றை ஆளாக:

"...ரக்கமாயிரும்."

முதல் எழுத்தை விழுங்கி, எல்லாருக்கும் பின்னால். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இன்னாசியை முழங்கையால் இடித்திருப்பாள், "சேர்ந்து சொல்லும்" என்று.

பிரகாசி திரும்பவில்லை. அடுத்த வரியைச் சொல்லவும் இல்லை. பின்னால் ஒரு பாய்கூட அசையவில்லை. ஈர வலையின் வாடை மெல்ல முன்னால் வந்தது.

பக்கவாசல் வழியே பாய்ந்தாள்.

கொல்லையில் தெக்ளா பீடத்துணிகளைக் கொடியில் குத்திக்கொண்டிருந்தாள்.

"நீதான! அவரு குரல்ல பேசுனது நீதான! ஊரு குரலெல்லாம் பேசுவியே, இது உனக்கு விளையாட்டா?"

தெக்ளா திரும்பினாள். உதடுகளுக்கு நடுவே, பேசவே இடமில்லாமல், வரிசையாக ஊக்குகளைக் கடித்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் போட்டாள்.

பிரகாசி மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இனி வரமாட்டேன் எக்கா. வேற யாரையாவது வச்சுக்கோங்க."

அன்று தெக்ளா யார் குரலிலும் பேசவில்லை.

"நாளைக்கு வராண்டாம். இன்னைக்குப் பாதியில விட்டுட்டு வந்திருக்க. நீ போயி முடிக்காம அவுக யாரும் முழந்தாள்லேர்ந்து எழும்ப முடியாது, ஏட்டி. இன்னாசிக்கு முட்டுவலி உண்டுல்லா?"