எருமைக் குளம்புக் குழியில் ஒரு குமிழி

முன்பொரு பங்குனியில், கடலுக்கு இரண்டு மைல் தள்ளியிருந்த ஓர் ஊருணியில் எருமை ஒன்று தண்ணீர் குடித்துவிட்டுக் கரையேறியது. அது கால் ஊன்றிய இடத்தில் ஒரு குழி விழுந்தது. குழியில் ஒரு கையளவு தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரில், கண்ணுக்குத் தெரியாத, உள்ளங்கால் வடிவச் சிற்றுயிர் ஒன்று நீந்திக்கொண்டிருந்தது.

அந்த ஓர் உடலில் ஒரு குடும்பமே இருந்தது. சுற்றுச்சுவராக நின்றது தோல். தோலின் துளைகள் மிகச் சிறியவை. தண்ணீர் நுழையும், உப்பு நுழையாது. தோலின்மேல் வரிசை வரிசையாக நின்று உடலை ஓட்டியவை துடுப்புகள். எல்லோருக்கும் இரை தேடித் தந்தது வாய். பின்கோடியில் தனியாக இருந்தது குமிழி.

குமிழிக்கு வேலை ஒன்றுதான். உள்ளே கசியும் தண்ணீரைத் தன்னிடம் சேர்த்து, நிறைந்ததும் ஓர் அமுக்கு அமுக்கி, ஒரு சிறு வாசல் வழியாக வெளியே தள்ள வேண்டும். ஊருணித் தண்ணீரைவிட உடலுக்குள் உப்பு கூடுதல். உப்பு கூடிய பக்கத்துக்குத்தான் தண்ணீர் போகும். ஆகவே அது ஓயாமல் உள்ளே வந்தது. குமிழியும் ஓயாமல் இறைத்தது. நிமிடத்துக்கு ஆறு முறை. அதைக் குமிழி ஒன்று விடாமல் எண்ணிவந்தது. யாரிடமும் சொன்னதில்லை. எத்தனை என்று கேட்டவரும் இல்லை.

வெயில் ஏறியது. குழியில் தண்ணீர் குறைந்தது. அதில் கரைந்திருந்த உப்பு குறையவில்லை. இரண்டாம் நாள் காலையில் குமிழியின் கணக்கு நான்கானது. மதியம் இரண்டு. சாயங்காலம் காத்துக்கொண்டே இருந்தும் ஒரு முறைகூட நிறையவில்லை. உள்ளே எவ்வளவு உப்போ, வெளியிலும் இப்போது அவ்வளவே. தண்ணீர் எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது.

துடுப்புகளுக்கு அது பொறுக்கவில்லை.

"என்ன குமிழியண்ணே, மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை கணக்கா உக்காந்திருக்கீக?" என்று முன்வரிசைத் துடுப்பு கேட்டது.

"தண்ணி வரலை. வந்தா இறைப்பேன்" என்றது குமிழி.

"நாங்க வீசிக்கிட்டே கிடக்கணும். இவுகளுக்கு மட்டும் பென்ஷன்."

வரிசை முழுக்கச் சிரித்தது. குமிழிக்கு இறைக்கத் தெரியும், வாதாடத் தெரியாது.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் வெளியே உப்பு உள்ளேயிருப்பதை மிஞ்சிவிட்டது. வந்த வழியாகவே தண்ணீர் திரும்பிப் போகத் தொடங்கியது. தோல் சுருக்கம் கண்டது. வாய் உலர்ந்தது; உலர்ந்ததும் அதற்குக் கோபம் வந்தது.

"நேத்துவரைக்கும் இந்த வீட்டுத் தண்ணிய வெளிய கொட்டுனது யாரு?" என்று அது ஆரம்பித்தது. "அம்புட்டையும் சேத்து வச்சிருந்தா இன்னைக்கு இப்படி வத்திப்போவமா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை கொட்டுனீக, சொல்லுங்க பாப்பம்."

குமிழிக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்த ஒரே வழி, கணக்கைச் சரியாகச் சொல்வதுதான்.

"நல்ல தண்ணியா இருந்தப்ப, ஒரு நாளைக்கு எட்டாயிரத்து அறுநூத்து நாப்பது" என்றது.

"கேட்டுக்கிட்டீகளா எல்லாரும்? அவரே ஒத்துக்கிட்டாரு."

தோல் குறுக்கிட்டது. "இன்னைக்குத் தண்ணி போறது அவன் வாசல் வழியா இல்லப்பா, என் வழியா. வெளிய உப்பு ஏறிப்போச்சு. அது இழுக்குது."

"நீ சும்மா இரு அக்கா. வர்றவன் போறவனுக்கெல்லாம் வழி விடுறதுதானே உன் பொழப்பு" என்றது வாய்.

துடுப்புகள் தாமதிக்கவில்லை. குழியடியில் கிடந்த களிமண் துணுக்கு ஒன்றை உருட்டிவந்து, குமிழியின் வாசலில் வைத்து அழுத்தி அடைத்தன. அடைத்த பிறகும் உடல் வற்றிக்கொண்டேதான் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்த தோலை யாரும் கேட்கவில்லை.

நான்காம் நாள் பிற்பகல் கோடைமழை இறங்கியது. குழி நிரம்பி வழிந்து ஊருணியோடு கலந்தது. வெளியே நல்ல தண்ணீர். உள்ளே இறுகிய உப்பு. தண்ணீர் முண்டியடித்து உள்ளே வந்தது. தோலின் சுருக்கம் ஒவ்வொன்றாக நீங்கியது.

"பாத்தீகளா, அடைச்சது நல்லதாப் போச்சு" என்றது வாய்.

சுருக்கம் நீங்கிய பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. உடல் உருண்டது, விறைத்தது. குமிழி நிறைந்தது. அமுக்கிப் பார்த்தது. களிமண் அசையவில்லை.

"தம்பிகளா, எனக்குத் தையல் விடுது" என்றது தோல், மெல்லிய குரலில். "நான் கிழிஞ்சா யாருக்கும் வீடு இருக்காது."

முன்வரிசைத் துடுப்புதான் முதலில் திரும்பியது. மற்றவை பின்தொடர்ந்தன. அடைத்தவையே களிமண்ணைப் பற்றி, ஆட்டி, புரட்டிப் பிடுங்கின.

குமிழி ஓர் அமுக்கு அமுக்கியது. அப்புறம் இன்னொன்று. நிமிடத்துக்கு எட்டு, பத்து, பன்னிரண்டு. இவ்வளவு வேகம் அதனிடம் இருந்ததை அந்த உடலில் ஒருவரும் அறிந்ததில்லை. பின்கோடியில் அந்தச் சிறு வாசல் திறந்து மூடும் அதிர்வு மட்டும் தோல் முழுக்கப் பரவியது. துடுப்புகள் வீசுவதை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தன. மழை விட்டபோது, அந்த உடல் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு தண்ணீரைக் குமிழி ஒண்டியாக இறைத்து முடித்திருந்தது. தோல் தளர்ந்து மூச்சுவிட்டது. கணக்கு மெல்ல இறங்கி ஆறில் நின்றது.

சித்திரை வந்தது. ஊருணியின் ஓரம் மறுபடி வற்றத் தொடங்கியது. ஊருணியோடு இன்னும் தொடுப்பு அறாத கரையோரத் தேக்கம் ஒன்றில் இரை நிறையக் கிடந்ததால் வாய்க்கு அங்கிருந்து கிளம்ப மனமில்லை. தண்ணீர் பார்வைக்கு எப்போதும்போலத்தான் இருந்தது. பின்கோடியில் மட்டும் ஏதோ அமைதி கூடியதுபோல் முன்வரிசைத் துடுப்புக்குத் தோன்றியது.

"அண்ணே" என்று அது கூப்பிட்டது. "இப்ப எத்தனை?"

குமிழி தயங்கியது. சிரிப்பதற்காகக் கேட்கிறார்களோ என்று ஒரு கணம் பொறுத்துப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

"நாலு" என்றது. குழியில் உப்பு ஏறத் தொடங்கிய காலையிலும் கணக்கு இதேதான்.

அத்தனை துடுப்புகளும் ஒரே பக்கமாகத் திரும்பி, ஊருணியின் ஆழத்தை நோக்கி வீசத் தொடங்கின.