சங்கு ஊதாத மத்தியானம்

கொள்ளிடக் கரையில் ஒரு மடம். குரு நாற்பதைத் தாண்டாதவர். சீடர் பேரன் பேத்தி எடுத்தவர். வருகிறவர்கள் தாடியைப் பார்த்துச் சீடர் காலில் விழுவார்கள். குரு தடுக்கமாட்டார். "அவருக்கு முழங்கால் வலி, இடித்துவிடாதீர்கள்" என்பார், அவ்வளவுதான்.

சீடர் பெயர் தில்லைவிடங்கன். டெலிபோன் இலாகாவில் என்ஜினீயராக இருந்தவர். உத்தியோகம் விட்டது, ஒயர் விடவில்லை. ஆற்றுக்கு நடுவே இருக்கிற நடுத்திட்டில் கம்பம் நட்டு, உச்சியில் சங்கும் ஒலிபெருக்கியும் கட்டினார். மடத்தில் பொத்தானை அமுக்கினால் அங்கே ஊதும். மைக்கில் பேசினால் அங்கே கேட்கும். மேலே அணையைத் திறந்தால் திட்டு மூழ்கும். அதற்குள் ஜனங்கள் கரையேற வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு.

கருவி கெட்டுவிடக் கூடாதென்று தினமும் உச்சிவேளையில் ஒருதரம் ஊதிப் பார்ப்பார். அங்கேதான் வினை பிடித்தது. திட்டுக்காரர்கள் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் சோற்றுக்கு உட்கார்ந்தார்கள்.

போன வருஷம் வெள்ளம் வந்ததும் மத்தியானத்தில்தான். ஊதினார். சாப்பிட உட்கார்ந்தார்கள். மறுபடி ஊதினார். பெருசுக்கு இன்றைக்குப் பசி அடங்கவில்லை என்று சிரித்தார்கள். மைக்கில் தொண்டை கிழியக் கத்தினார். அதைக் கேட்டும் யாரும் கரையேறவில்லை. கழுவின கை காய்வதற்குள் கூரையில் ஏறி நின்றார்கள். ஆள் தப்பியது. ஆடு மாடு போயிற்று.

இந்த வருஷமும் மழை. ஒருநாள் காலையில் போன் வந்தது. அணையைத் திறந்துவிட்டார்கள், பொழுது சாயத் திட்டு இருக்காது.

தில்லைவிடங்கன் தொழுவத்துக்கு ஓடினார். குரு மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார்.

"சாமி, பெரிய ஒலிபெருக்கி வேண்டுமென்று அப்போதே சொன்னேன்."

"போன தடவை சத்தம் கேட்கவில்லையா அவர்களுக்கு?"

"கேட்டது. வரவில்லை. நீட்டி ஊதவா, விட்டு விட்டு ஊதவா? என்ன செய்தால் வருவார்கள்?"

குரு கையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். சங்குப் பொத்தான் இருக்கிற அறைக்குப் போனார். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார்.

"இன்றைக்கு ஊத வேண்டாம்."

தில்லைவிடங்கன் பின்னாலேயே போனார். அங்கே குழந்தை குட்டிகள் இருக்கின்றன என்றார். ஊதுகிற சங்கை ஊதியாவது வைப்போமே என்றார். படகில் போய் நேரில் சொல்கிறேன் என்றார். முன்னொரு வெள்ளத்தில் தலையாரி படகில் போய்ச் சொன்னாரே, என்ன ஆயிற்று என்று குரு கேட்டார். தண்ணீர் முழங்கால் அளவுக்கு வரட்டும், பார்க்கலாம் என்று திட்டுக்காரர்கள் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"வெயில் கொஞ்சம் சாயட்டும். யாரும் வராவிட்டால் போவோம். நானும் வருகிறேன்."

உச்சிவேளை வந்தது. போயிற்று. தில்லைவிடங்கன் படித்துறையில் நின்று தண்ணீரைப் பார்த்தார். நிறம் மாறிவிட்டது. செம்மண் கரைத்த மாதிரி வந்தது. குருவாவது மண்ணாங்கட்டியாவது என்று படகின் கயிற்றை அவிழ்த்தார்.

அப்போதுதான் பார்த்தார். திட்டிலிருந்து படகு வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் வரிசையாக. நடக்க முடியாத கிழங்களைக்கூடத் தூக்கி உட்காரவைத்திருந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அவையும் வந்தன. முன்படகை வலித்து வந்தவள் அஞ்சலாட்சி, திட்டில் ஓடம் விடுகிறவள். அவள் காலடியில் ஒரு மாலை, கோடித் துணி. அடுத்த படகில் பச்சை மூங்கில்.

கரையில் நின்றவரைப் பார்த்ததும் அஞ்சலாட்சி துடுப்பை நிறுத்தினாள்.

"பெருசு, நீங்க சாவலையா?"

"இல்லையேம்மா."

"அப்பறம் ஏன் சங்கு ஊதல? சோத்த எறக்கி வெச்சுட்டுக் காத்துக் கெடக்கறோம். மனுசன் ஒருநாள் தவறமாட்டாரே, போயிட்டாருன்னு ஊரே எந்திரிச்சு வந்திருக்கு."

"உங்களை யாரும் கூப்பிடவில்லையே."

"நல்லதுக்குத்தான் கூப்பிடணும். சாவுக்குமா கூப்புடுவாங்க?"

நல்ல மூங்கில் வீணாய்ப் போச்சே என்று பின்னாலிருந்து ஒருவன் முனகினான்.

தில்லைவிடங்கன் அணை திறந்ததைச் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. தண்ணீரின் நிறத்தை வரும்போதே பார்த்திருந்தார்கள். அஞ்சலாட்சி ஒன்றுதான் கேட்டாள்.

"மாட்ட எங்க கட்டறது? போன தடவையும் இதத்தான் கம்பத்துக்குக் கீழ நின்னு கத்திக் கத்திக் கேட்டோம். நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தீங்க."

கம்பத்துக்கு வாய் வைத்தவர் காது வைக்கவில்லை. மடத்துத் தோப்பு சும்மாதான் கிடக்கிறது என்று குரு சொன்னார். உடனே ஆண்கள் படகைத் திருப்பினார்கள். ஆட்டைப் படகில் ஏற்றினார்கள். மாட்டைப் பக்கத்தில் நீந்தவிட்டுப் பிடித்து வந்தார்கள். விளக்கு வைப்பதற்குள் எல்லாம் தோப்புக்கு வந்தாயிற்று. அதற்குப் பிறகுதான் திட்டு மறைந்தது.

தோப்பில் அடுப்பு புகைந்தது. தில்லைவிடங்கன் குருவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தண்ணீர் வடிந்ததும் கம்பத்தில் ஒரு மைக் வைத்துவிடுகிறேன், சாமி. அவர்கள் பேசுவது இங்கே கேட்கட்டும்."

"வையும்."

"தினம் ஊதுவதையும் நிறுத்திவிடுகிறேன்."

"நிறுத்தும்."

"அடுத்த வெள்ளத்துக்கு என்ன செய்வது? மறுபடியும் நான் சாக முடியாதே."

குரு அடுப்புப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திட்டில் இந்த வருஷம் யார் யார் வீட்டில் துக்கம், விடங்கரே?"

தில்லைவிடங்கன் யோசித்தார். கம்பம் நட்டதோடு சரி, அங்கே ஒரு சாவுக்கும் அவர் போனதில்லை. ஒரு பெயரும் வரவில்லை.