வெட்டுத்துணி

முதலில் சத்தம்தான் கேட்டது. டணங். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி டணங், டணங். எவர்சில்வர் பாத்திரத்தில் எதுவோ விழுகிற சத்தம். சாத்தியிருந்த கதவுக்கு வெளியே, செருப்பைக் கழற்றாமல், ஆவுடைச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். தட்டலாமா, அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்க அந்தச் சத்தம் தோதாக இருந்தது.

“கதவு சும்மாதான் சாத்தியிருக்கு. வாங்கக்கா,” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ஜெஸிமா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் ஆசிரியை, ஆவுடை மாணவி. ஆனால் மாணவிதான் பத்து வருஷம் மூத்தவள். அதனால் வகுப்பில் ஆசிரியை மாணவியை அக்கா என்பாள், மாணவி ஆசிரியையை டீச்சர் என்பாள். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு இது நல்ல வேடிக்கை. ரெண்டு பேரில் யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று கேட்டுக்கேட்டுச் சிரிக்கும்.

ஆவுடை ரவிக்கை தைத்துப் பிழைப்பவள். தபால் வழியில் ஒரு பட்டம் வாங்கி, நாற்பது தாண்டியபின் தொடர்பியல் படிக்க வந்து சேர்ந்தாள். எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: ரேடியோவில் பேசணும், சின்ன வயசு ஆசை. அதற்கு மேல் யாராவது துருவினால், ஊசியில் நூல் கோக்கிறவள் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொள்வாள்.

இப்போது அதற்கு ஒரு வழி திறந்திருந்தது. நெல்லையில் ஒரு பண்பலை நிலையத்தில் அறிவிப்பாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். பயிற்சியில் செய்த வேலைகளைத் திரட்டி ஒரு தொகுப்பாக நாளைக்குக் கொடுத்தாக வேண்டும். கல்லூரியில் அதற்கு போர்ட்ஃபோலியோ என்று பெயர். ஆவுடை ஃபைல் என்பாள். கொடுக்குமுன் டீச்சர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று எடுத்து வந்திருந்தாள்.

நீல நிற ஃபைல். அட்டைக்கு அவளே துணி உறை தைத்திருந்தாள். உள்ளே சான்றிதழ், சமுதாய வானொலிக்காரர்கள் எழுதிக்கொடுத்த நல்ல வார்த்தை, பீடி சுற்றும் பெண் ஒருத்திக்கு எதிரே அவள் மைக்கைப் பிடித்திருக்கும் படம். கூடவே ஒரு பென் டிரைவ்.

ஜெஸிமா கையைத் துடைத்துவிட்டுத் தாள்களைப் புரட்டினாள். உறையின் தையலைத் தடவிப் பார்த்தாள். மடிக்கணினியை ஆவுடை பக்கம் நகர்த்தி, போடுங்கக்கா என்றுவிட்டு மொச்சைக்குத் திரும்பினாள்.

பயிற்சிக்குப் போன சமுதாய வானொலியில் ஆவுடையை ஒருநாளும் ஒலிபரப்பு அறையில் உட்கார வைக்கவில்லை. பதிவுக் கருவியைக் கையில் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். முக்கால்வாசி பீடி சுற்றுகிற பெண்களின் வீடு. அவர்கள் பேசுவதைப் பதிந்து வந்து, வெட்டி ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஒலிபரப்பான எல்லா நிகழ்ச்சியிலும் ஊர்க்காரர்கள்தான் பேசினார்கள். அவள் எதிலும் இல்லை. அந்தக் குறை தெரியக் கூடாதென்று, ஜன்னலைப் போர்வையால் அடைத்துக்கொண்டு, தன் குரலில் ஓர் அறிவிப்பைப் பதிந்து ஃபைலுக்கு முதலாவதாகச் சேர்த்திருந்தாள்.

அதைத்தான் முதலில் போட்டாள்.

“வணக்கம் நேயர்களே! இந்த இனிய காலைப் பொழுதில் உங்களோடு இணைந்திருப்பது உங்கள் அன்புத் தோழி ஆவுடைச்செல்வி…”

இயல்பில் அவளுக்குக் கரகரத்த குரல். பள்ளியில் இறைவணக்கம் பாடும் வரிசையிலிருந்து அவளைக் கையைப் பிடித்து வெளியே நிறுத்திய குரல். இந்தப் பதிவில் கரகரப்பு மருந்துக்கும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் பவுடர் பூசி வந்தது.

முடிகிறவரை ஜெஸிமா உரித்துக்கொண்டே இருந்தாள்.

“யாருக்கா இது?”

“நாந்தான் டீச்சர்.”

“அப்படியா. சோப்பு விளம்பரம் குறுக்க வந்துட்டுன்னு நெனச்சேன்.”

ஆவுடை சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இதற்காக எத்தனை தடவை பேசிப் பதிந்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும். அடுத்து, ஒலிபரப்பான பேட்டிகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள்.

“பயிற்சியில நீங்க என்ன செஞ்சீங்க?” என்று கேட்டாள் ஜெஸிமா.

“ஒண்ணும் செய்யல. மைக்கப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“சும்மாவா?”

“அவிய பேசுவாக. நான் ம் சொல்லுவேன்.”

ஜெஸிமாவின் கை நின்றது. “இதுல ஒரு ம் கூடக் கேக்கலியே?”

“வெட்டிட்டேன்.”

அதற்கு ஒரு கதை இருந்தது. பேட்டி எடுக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது, தலையை மட்டும் ஆட்ட வேண்டும் என்பது வானொலிக்காரர்களின் பாலபாடம். வெட்டுகிற வேலை சொல்லிக்கொடுத்த சுடலைமுத்து அவளுடைய முதல் பதிவைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். யக்கா, அந்தம்மா ஒரு வரி பேசினா நீங்க ரெண்டு ம் போடுதீங்க, வானொலி நிலையமா இல்ல மாட்டுத் தொழுவமா என்று கேட்டான். தலையாட்டிப் பழகுங்க என்றான். அவளும் ஆட்டிப் பார்த்தாள். பீடி சுற்றுகிறவர்களிடம் அது பலிக்கவில்லை. அவர்கள் கண் மடியில் இலை பரப்பிய சுளகை விட்டு எழும்பாது. இலையும் தூளும் நூலும்தான் அவர்களுக்குத் தெரியும். எதிரே ஒருத்தி தலையாட்டுவதை யார் பார்க்க? ரெண்டு வரி பேசிவிட்டு, எதிரில் ஆள் இல்லாதது போல நிறுத்திவிடுவார்கள். அதனால், சுடலைமுத்து வைதாலும் பரவாயில்லை என்று, அங்கே போய் ம் கொட்டுவாள். நிலையத்துக்குத் திரும்பி வந்து, தன் கையாலேயே ஒவ்வொன்றாகத் தேடி வெட்டுவாள். கடைசியில் அதில் அவ்வளவு தேர்ந்துவிட்டாள். தழும்பே தெரியாது.

“வெட்டுனத என்ன செஞ்சீங்க?”

ஆவுடைக்குக் கூச்சமாக இருந்தது. “இருக்கு. வெட்டுத்துணின்னு பேர் போட்டுத் தனியா வச்சிருக்கேன். தையக்காரி புத்தி டீச்சர், எதையும் தூரப் போட மனசு வராது.”

அவள் வீட்டில் மிஷினுக்கு அடியில் எப்போதும் ஒரு சாக்கு இருக்கும். கை வெட்டியது, கழுத்து வெட்டியது, ஓரம் கழித்தது எல்லாம் அதற்குள் போகும். கேட்டு வந்தால் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். துணி யாருடையதோ, மிச்சமும் அவர்களுடையது. கேட்டு வராததுதான் தனக்கு.

“போடுங்க, கேப்போம்,” என்றாள் ஜெஸிமா.

அறையில் ம் ஒலிக்க ஆரம்பித்தது.

சின்ன ம். இழுத்த ம். ‘அப்புறம்’ என்று கேட்கிற ம். ‘அட பாவமே’ என்கிற ம். மூக்கு வழியாகச் சிரித்துக்கொண்டு ஒன்று. நடுநடுவே கத்தரிக்கோல் பீடி இலையை வெட்டும் சரக் சரக், எங்கோ ஒரு கோழி, குடம் வைக்கிற சத்தம். எல்லா ம்-மிலும் அந்தக் கரகரப்பு இருந்தது. ஆவுடை தலையைக் குனிந்துகொண்டாள். தன்னுடைய உள்பாவாடையை யாரோ கொடியில் விரித்துப் போட்டது போலிருந்தது அவளுக்கு.

கடைசியாக ஒரு நீளத் துண்டு இருந்தது. பேச்சித்தாய் என்பவள் பேசியது. ஒலிபரப்பில் அவள் பீடிக் கூலியையும் மார்ச்சளியையும் பற்றிச் சொன்னது மட்டும் வந்தது. வெட்டுத்துணியில் வேறொன்று இருந்தது. மகள் ஒருத்தனோடு போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயரை யாரும் சொல்லக் கூடாது, புருஷன் உத்தரவு.

“தெருவுல வண்டிச் சத்தம் கேட்டா சுளகக் கீழ வச்சிருவேன் தாயி. வண்டி நம்ம வாசலத் தாண்டிப் போச்சுன்னா திரும்ப எடுத்துக்கிடுவேன்…”

அந்த இடத்தில் ம் வர வேண்டும். வரவில்லை. கத்தரிச் சத்தம் நின்றது. வெறும் காற்று.

“கேக்கியா தாயி? இருக்கியா?”

மறுபடியும் காற்று. பிறகு ஆவுடையின் குரல்:

“இருக்கேன்க்கா.”

கத்தரி மெதுவாக மறுபடி தொடங்கியது. “அவ பேரு—” என்று பேச்சித்தாய் வாயெடுத்தபோது ஆவுடை சட்டென்று நிறுத்திவிட்டாள்.

“ஏன்?” என்றாள் ஜெஸிமா.

“அதுக்கு மேல அவங்களோடது டீச்சர். வெளிய விடமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நீங்களே ஆனாலும் கேக்கக் கூடாது.”

ஜெஸிமா சரி என்பது போல மடிக்கணினியை மூடினாள். வெளியே பக்கத்து வீட்டு ஆடு கத்தியது. உரித்த தோலுக்கு அது காத்திருக்கும். அவள் எழுந்து ஒரு கை தோலை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அது அவங்களோடது. சரி. ம் யாரோடது?”

“அது என்னோடதுதான்.”

“அதத் தைங்க. சோப்ப எடுத்துருங்க.”

ஆவுடைக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. வெறும் ம்-மை மட்டும் வரிசையாக ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் சிரிப்பார்கள் என்றாள். சிரிக்கட்டும் என்றாள் ஜெஸிமா. அறிவிப்பாளர் வேலைக்கு வாயே திறக்காதவளை யார் எடுப்பார்கள் என்று ஆவுடை கேட்டாள்.

“தெரியாதுக்கா.”

“வேலை கெடைக்காட்டி?”

“அதுவும் தெரியாது.”

ஆவுடைக்குக் கோபம் வந்தது. இந்த வீட்டில் அவள் கோபப்பட்டது அதுவே முதல் தடவை. எழுந்து ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்கு வெளையாட்டா இருக்கு டீச்சர். எனக்கு ம் வேண்டாம். எனக்கு என் கொரல் ரேடியோவுல வரணும். ஒரு தடவையாவது வரணும்.”

ஜெஸிமா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“பேச்சித்தாய்ட்ட மட்டும் ஏன்க்கா ம் வரல?”

ஆவுடை நின்றாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கோக்க ஊசியும் இல்லை, நூலும் இல்லை.

ஜெஸிமா பதிலுக்காக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பாத்திரத்தை மடிக்கு இழுத்தாள். குனிந்து ஒரு காயை எடுத்தாள். அதன் நுனியைக் கிள்ளி நாரை இழுத்தாள். அவள் கண் அதற்குப் பிறகு பாத்திரத்தை விட்டு எழும்பவில்லை.

ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஆவுடை உட்கார்ந்தாள்.

“எனக்கு ஒரு தம்பி இருந்தான்,” என்றாள். பிறகு, “இருக்கான்.”

“ம்.”

“அப்பாகிட்ட சண்டை போட்டுட்டுப் போனவன். அப்பா போய்ச் சேந்துட்டாரு. அது அவனுக்குத் தெரியுமோ என்னவோ.”

“ம்.”

“லாரியில கிளீனரா இருக்கான்னு ஒரு சேதி வந்துச்சு. அம்புட்டுதான். எந்த ஊரு, எந்த ரோடுன்னு ஒண்ணும் தெரியாது. ஆனா எங்க போனாலும் அவனுக்கு ரேடியோ ஓடணும் டீச்சர். ரேடியோ இல்லாட்டி சோறு எறங்காது.”

“ம்.”

“எந்த டீக்கடையிலயாவது, எந்த லாரியிலயாவது என் கொரலக் கேட்டான்னா தெரிஞ்சிக்கிடுவாம்லா, அக்கா பேசுதான்னு.”

“ம்.”

ஆவுடை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். இப்போது பேச்சு தானாக வந்தது.

“ராவும் பகலும் மிஷினுக்குப் பக்கத்துலயே குத்தவச்சிருப்பான். வாய் ஓயாது. சினிமாக் கதைம்பான், பள்ளிக்கூடத்துச் சண்டைம்பான், லாரி வாங்கப் போறேம்பான். நான் எங்க பேச? ரெண்டு உதட்டுக்கும் நடுவுல குண்டூசியக் கடிச்சிக்கிட்டு இருப்பேன். வாயத் தொறந்தா ஊசி விழுந்திரும். அவன் பேசிக்கிட்டே இருப்பான், நான் தைச்சிக்கிட்டே வெறும்…”

அவள் நிறுத்தினாள்.

மூடிக் கிடந்த மடிக்கணினியைப் பார்த்தாள். மடியில் இருந்த ஃபைலைப் பார்த்தாள். உதடு தானாக ஒட்டிக்கொண்டது, அதன் நடுவில் இன்னும் ஊசி இருப்பது போல.

ஜெஸிமா தலை நிமிரவில்லை. பாத்திரத்தில் ஒரு மொச்சை விழுந்தது. கை அடுத்த காய்க்குப் போனது.

“ம்,” என்றாள்.