மைனா கேட்ட இரண்டு குரல்கள்

மைனா சொன்னதை நெடுங்கொம்பன் என்ற புள்ளிமான் நான்கு வருடங்களாக நம்பவில்லை.

ஆண்டுதோறும் அவனுடைய பழைய கொம்பு விழுந்து, புதியது முளைக்கும். மெல்லிய தோல் போர்த்தியிருக்கும், தொட்டால் சுடும். காதில் உண்ணி பொறுக்க வரும் மைனா அதில் தலை சாய்த்துக் கேட்கும்.

"அண்ணே! உள்ளே எலும்பு கட்டுற சின்னஞ்சிறு ஆளுங்க இருக்காங்க. ரத்தத்தோட ஒரு குரல் வந்து 'பெருகுங்க, பெருகுங்க'ங்குது. அது அடங்கினாத்தான் 'போதும், இறுக்கிக் கட்டுங்க'ன்னு அடுத்த குரல் வரும்!"

"உண்ணி தின்னே உனக்கு மூளை குழம்பிப்போச்சு!" என்பான் நெடுங்கொம்பன். ஆனால் தனியே மேயும்போது, 'ஒருவேளை உண்மையோ?' என்று மனம் அரிக்கும்.

அந்தக் கோடையில் காட்டில் ஒரே குட்டையில்தான் தண்ணீர் இருந்தது. கட்டையன் என்ற இளமான் அங்கே வழிமறித்தான். அவன் கொம்பு ஒரு சாண்தான். ஆனால் தோல் உரிந்து, இறுகிப் பளபளத்தது.

"மோதுவோமா? தோத்தவன் இந்தக் கூட்டத்திலேயே இருக்கக் கூடாது!" என்றான். "என்ன பெரியவரே, கொம்புக்குப் போர்வையா? குளிருதா?"

பெண்மான்கள் சிரித்தன.

நெடுங்கொம்பன் தண்ணீரில் தன் நிழலைப் பார்த்தான். மரம்போல் கிளைத்து நின்றது கொம்பு. 'இவ்வளவு வளர்ந்தது உறுதியாக இல்லாமலா போகும்?'

விறுவிறுவென்று வேங்கை மரத்தில் கொம்பைத் தேய்த்தான். தோல் கிழிந்தது.

மைனா பதறியது. "ஐயோ, நிறுத்துங்க அண்ணே! இன்னும் முதல் குரல்தான் கேக்குது! பத்து நாள் ஒதுங்கி இருங்க!"

அவன் நின்றான். ஒரே கணம். மீண்டும் சிரிப்பு கேட்டது. கிழிந்த தோலின் ரத்தம் கண்ணில் வழிய, பாய்ந்தான்.

கொம்போடு கொம்பு மோதியது. 'டக்' என்ற சத்தமே வரவில்லை. நெடுங்கொம்பனின் கொம்பு பச்சைத் தண்டுபோல் மடங்கி, பாதியில் முறிந்து தொங்கியது.

கூட்டம் கட்டையன் பின்னால் போனது. நெடுங்கொம்பன் ஒற்றையாக மலையேறி, பாறைக் கசிவை நக்கி உயிர் பிழைத்தான்.

மறுவருடம் கொம்பு மறுபடி முளைத்தது. தேடி வந்த மைனாவின் பக்கம் அவனே தலையைத் தாழ்த்தினான்.

"மைனா, இப்ப உள்ளே எந்தக் குரல் கேக்குது?"

வளர்வது வேறு, உறுதிப்படுவது வேறு. முதலாவது முடியும்முன் இரண்டாவதற்கு அவசரப்படுகிறவன் இரண்டையுமே இழப்பான்.