தாளாளர் முகம் பதித்த காசு

கல்லூரிக்கு அவர் பெயர், வாசலில் அவர் சிலை. போதாதென்று நாணயப் பெட்டியிலும் தாளாளர் மகுடபதியின் முகமே வேண்டுமாம்!

கல்லூரி அருங்காட்சியகத்துக்கு வகைக்கு ஒரு காசாகத் தேர்ந்தெடுத்து அடுக்கும் வேலை தற்காலிக ஊழியர் கோமளத்துடையது. ‘கடைத்தெருவில் புழங்கிய காசுக்கு மட்டுமே இடம்’ என்று விதி போட்டவரே தாளாளர்தான். திறப்பு விழாவன்று அவரே வந்து, தன் அறுபதாம் கல்யாணத்துக்கு அடித்த வெள்ளிக்காசை நீட்டினார்.

“இதை நடுவுல வை. விதியையும் மீறக்கூடாது. முடியலேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே.”

“ஒரு கடையில செல்லுபடி ஆயிட்டாப் போதும் ஐயா. எதிர்ல டீக்கடை இருக்கே, நீங்களே கொடுத்துப் பாருங்க,” என்றாள் கோமளம்.

விழாக் கூட்டம் பின்தொடர, தாளாளர் டீ குடித்துவிட்டுக் காசை நீட்டினார். கடைக்காரர் அதைப் பார்க்கக்கூட இல்லை, பதறிப்போய்க் கும்பிட்டார்.

“ஐயாகிட்ட காசா? என்னைக்கு வாங்கியிருக்கேன், இன்னைக்கு வாங்க?”

எரிச்சலில் தாளாளர் நிஜப் பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து நீட்டினார். அதற்கும் அதே கும்பிடுதான். பக்கத்துப் பூக்காரம்மாவோ, அவர் தன் பக்கம் திரும்பியதுமே முழம் போடாமல் மாலையையே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

“உங்க வெள்ளிக்காசு மேல தப்பே இல்லைங்க ஐயா,” என்றாள் கோமளம் பணிவாக. “நீங்க கொடுத்தா அரசாங்கக் காசே இந்தத் தெருவுல செல்ல மாட்டேங்குது.”

மாணவர்கள் சிரித்த சிரிப்பில் வெள்ளிக்காசு சட்டைப்பைக்குள் போனது. ஊரே பார்த்துவிட்ட பிறகு எந்தக் குற்றம் சொல்லிக் கோமளத்தை வேலையை விட்டு அனுப்புவார்? நீங்களே சொல்லுங்கள்.