ஸ்பெயின்காரர் சொன்ன சீ

திருப்பூரில் நூலுக்குத் தட்டுப்பாடு வரும், போகும். அவினாசியப்பனின் பனியன் கம்பெனியில் புத்திக்கு வந்த தட்டுப்பாடு மட்டும் போனதே இல்லை.

இரண்டு மாதமாக ஆர்டர் இல்லாமல் நாற்பது மிஷினும் தூங்கின. பனியன் கண்காட்சிக்குச் சரக்கு வாங்க ஸ்பெயின்காரர் ஒருவர் வருகிறாராம். அவரையும் விட்டால் கம்பெனிக்குப் பூட்டுதான் என்று அவினாசியப்பன் முடிவு கட்டினார். கட்டிங் மாஸ்டர் செங்கோடனையும் செக்கிங் பொன்னாத்தாளையும் கூட்டிக்கொண்டு ஸ்பானிஷ் வகுப்புக்கு ஓடினார்.

"எடுத்த எடுப்பில் வியாபாரம் பேசாதீங்க. வெயிலைப் பத்திக் கேளுங்க, குடும்பத்தைப் பத்திக் கேளுங்க," என்று கேள்விகளைச் சொல்லிக்கொடுத்தார் வாத்தியார். "அவங்க சொல்ற பதிலை நாளைக்குப் படிக்கலாம்."

"பதில் சொல்றது அவரு வேலைங்க. அதை நாம எதுக்குங்க படிக்கோணும்?" என்றான் செங்கோடன். நியாயம்தானே என்று மூவரும் மறுநாள் போகவில்லை. மறுநாள் பாடத்தின் முதல் வரி, ஸ்பானிஷில் 'சீ' என்றால் 'ஆமாம்' என்பது.

கண்காட்சியில் ரமீரோ என்ற அந்த ஸ்பெயின்காரர் சிரித்தபடி வந்தார்.

"ஆசே கலோர்?" என்றார் அவினாசியப்பன். வெயில் ஜாஸ்தியோ என்று அர்த்தம். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

"சீ, சீ!"

அவினாசியப்பனுக்கு முகம் சுண்டிப்போனது. மூவரும் பனியன் குவியலுக்குப் பின்னால் ஒதுங்கிக் கூட்டம் போட்டார்கள்.

"எதுக்கு இப்படி அருவருக்கறாரு?"

"உங்க மேல வேர்வை வாடை அடிக்குதுங்க மொதலாளி," என்றாள் பொன்னாத்தாள்.

ஒரு பாட்டில் சென்ட்டை மொத்தமாகக் கவிழ்த்துக்கொண்டு வந்து, "ஃபமீலியா பியென்?" என்று குடும்ப சௌக்கியம் விசாரித்தார்.

"சீ, சீ!"

"பெத்த புள்ளைகளையே சீங்கறானே, இவன் மனுசனா?" என்று பொன்னாத்தாள் கண்ணைக் கசக்கினாள்.

"பொறு பொன்னாத்தா. நாப்பது மிஷினு நிக்குது," என்று பல்லைக் கடித்தார் முதலாளி.

ரமீரோ தானாகவே ஒரு பனியனை எடுத்துத் தடவினார். தன் மார்பில் வைத்துப் பார்த்தார். மலர்ந்த முகத்தோடு, "சீ, சீ, சீ!" என்றார்.

வெயிலைத் திட்டலாம். குடும்பத்தைக்கூடத் திட்டிக்கொள்ளட்டும். பனியனைத் திட்டினால் திருப்பூர்க்காரன் பொறுப்பானா? "கீழ வையிய்யா!" என்று அவினாசியப்பன் பிடுங்கிக்கொண்டார். மிரண்டுபோன ரமீரோ பக்கத்து ஸ்டாலுக்கு நகர்ந்தார்.

அங்கே ஸ்டால் முதலாளி வெள்ளியங்கிரி எதைக் காட்டினாலும் சீ. அரை மணி நேரம் விடாத சீ. கடைசியில் இருவரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கைகுலுக்கினார்கள்.

அவினாசியப்பனுக்கு மனசு தாங்கவில்லை. ரமீரோ போனதும் ஓடிப்போய் வெள்ளியங்கிரியின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"மனசை விட்டுறாதீங்கண்ணா. அம்பத்தி மூணு சீ, செங்கோடன் எண்ணிட்டே இருந்தான். அத்தனையும் சொன்னது பத்தாதுன்னு, கையெழுத்து வேற வாங்கிட்டுப் போறானே படுபாவி!"